மனத்தில் ஊதிய விசில்

டொரொண்டோவுக்குக் கிழக்கே ஓர் ஐஸ் ஹொக்கி அரங்கில் நடுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார் பிரணவன் மாஸ்டர். மாஸ்டர் என்றதும் நரையும் தாடியும் தேடவேண்டாம். முழங்கால் உடைந்து இளமையிலேயே விசிலைக் கழற்றிவைத்தவர். அவருடைய சீடர் ஜெயரூபன் அவரைவிட மூத்தவர். ஆகவே சீடர் குருவை மாஸ்டர் என்பார், குரு சீடரை அண்ணை என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் ஒன்றும் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, அரங்கு திறக்க முன்பே ஜெயரூபன் வாசலில் நின்றார். தோளில் சறுக்குச் சப்பாத்துப் பை. கையில் சுருட்டிய பொன்னாடை.

"என்ன அண்ணை, விடியவே பொன்னாடையோடை? எனக்கோ?"

"நேற்றுத் தமிழ்ச் சங்கத்திலை எனக்குப் போத்தினவை."

"போத்தத்தானே வேணும்? லீக்கின்ரை இறுதி ஆட்டத்துக்கு எங்கடை ஆள் நடுவரெண்டால் சும்மா விடுவினமோ?"

ஜெயரூபன் சிரிக்கவில்லை.

"மாஸ்டர், ஒண்டு கேக்கவேணும். வெக்கம் எத்தினை நாளிலை போகும்?"

மாஸ்டர் கதவுப் பூட்டில் இருந்த கையை எடுத்தார்.

"என்ன செய்தனீங்கள்?"

ஜெயரூபன் இந்த வேலைக்கு வந்த வழி லேசானதல்ல. யாழ்ப்பாணத்தில் ஐஸ் என்றால் அவருக்கு ஐஸ்பழம்தான். கனடா வந்து, மீசை முளைத்த பிறகு, கதிரையைப் பிடித்துக்கொண்டு சறுக்கப் பழகினார். சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களில் தாய் தகப்பன்மாரிடம் ஏச்சு வாங்கினார். பனிப்புயலில் கார் ஓட்டி, பெயர் தெரியாத ஊர்களில் விசில் ஊதி, படிப்படியாகத் தொழில்முறை லீக்குக்கு வந்தார். இந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு நடுவர் தேடிய அதிகாரிகள் அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்து, மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் அவையை அண்ணாந்து பாத்தன் மாஸ்டர். என்னைப் பாக்கினமோ எண்டு பாத்தன்."

அந்த ஒரு பார்வைக்குள் கீழே ஒரு கோல் விழுந்துவிட்டது. அவர் திரும்பியபோது கோல் காப்பவன் குப்புறக் கிடந்தான். ரப்பர் வட்டு அவனுக்கு அடியில் அகப்பட்டிருக்கிறது என்று நினைத்து ஜெயரூபன் விசிலை ஊதினார். ஊதிய பிறகுதான் வட்டு வலைக்குள் கிடப்பதைக் கண்டார்.

ஐஸ் ஹொக்கியில் ஒரு விதி உண்டு. வட்டு கண்ணுக்கு மறைந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தவேண்டும். விசில் வாய்க்குப் போகச் சற்று நேரம் எடுக்கும் என்பதால், அவர் ஊத நினைத்த கணமே ஆட்டம் நின்றதாகக் கொள்வார்கள். அதற்குப் பிறகு விழுந்த கோல் செல்லாது. வட்டு கோட்டைத் தாண்டியது வீடியோவில் தெரியும். விசில் பிந்திக் கேட்டதும் தெரியும். நடுவரின் மனத்தைக் காட்டும் கமரா இன்னும் வரவில்லை. அங்கே அவர் சொன்னதுதான் முடிவு.

"வட்டு உள்ளை போன பிறகுதான் எனக்கு ஊதிற நினைப்பே வந்தது. கோலைக் குடுத்திருக்கவேணும். குடுத்தால், ஏன் பிந்தி ஊதினனி, எங்கை பாத்துக்கொண்டு நிண்டனி எண்டு கேப்பினம். கையை விரிச்சு, கோல் இல்லை எண்டிட்டன்."

அந்தக் கோலோடு ஆட்டம் சமநிலைக்கு வந்திருக்கும். கோலை இழந்த அணியின் தலைவன் ரஸ்ஸல் நேராக அவரிடம் வந்தான். அவனுக்கு அது கடைசி வருடம். இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தான். ஊத நினைத்தது முந்தியா, வட்டு உள்ளே போனது முந்தியா என்று மட்டும் கேட்டான்.

"நினைச்சது முந்தி எண்டன்."

"கத்தினவனோ?"

"கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு இல்லை மாஸ்டர். நீங்கள் நினைச்சதெண்டால் சரி எண்டான். அடிக்கிற மாதிரி வந்த மற்றவங்களையும் அவன்தான் தள்ளிக்கொண்டு போனவன்."

அணி தோற்றது. அந்த ஆட்டத்தோடு ரஸ்ஸலின் விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. நிருபர்கள் அவன் வாயைக் கிண்டிப் பார்த்தார்கள். அந்த நடுவர் பொய் சொல்லும் மனிதர் இல்லை என்றுதான் அவன் சொன்னான். அதிகாரிகளுக்கோ அத்தனை கூச்சலுக்கும் அசையாத நடுவரை மிகவும் பிடித்துவிட்டது. இறுதி ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் பொன்னாடை போர்த்தும்போது நேர்மை என்ற சொல் வராமல் ஒரு வசனம் பேசவில்லை. மேடையில் நின்ற ஜெயரூபனுக்குக் காது கூசியது. முன்வரிசையில் இருந்த மகளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"சொன்னால் அந்த ஆட்டம் திரும்பி வராது மாஸ்டர். என்ரை வேலைதான் போகும். அதுதான் கேக்கிறன், இது தானாப் போகாதோ?"

மாஸ்டர் கதவைத் திறந்தார்.

"சப்பாத்தைப் போடுங்கோ அண்ணை."

விதி மீறிய ஆட்டக்காரர்களை இருத்திவைக்கும் தண்டனைப் பெட்டி ஐஸின் ஓரத்தில் இருந்தது. மாஸ்டர் அதற்குள் போய் உட்கார்ந்தார். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றினார். குளிருக்கு முழங்கால் வலித்தது. பொன்னாடையை வாங்கி அதில் சுற்றிக்கொண்டார்.

"சுத்தி ஓடுங்கோ. நான் விசில் ஊதினதும் நிக்கவேணும்."

ஜெயரூபன் ஓடினார். பெட்டியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மாஸ்டரின் கையைப் பார்த்தார். விசில் விரலில் தொங்கியது. வாய்க்குப் போனதெல்லாம் தேத்தண்ணீர்தான்.

வெளியே வெளிச்சம் வந்தது. சறுக்கு நடனம் பழக வந்த பிள்ளைகளும் தாய்மாரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

"உவர்தானே இறுதி ஆட்டத்துக்கு நடுவர்?" என்று ஒரு தாய் தமிழில் கேட்பது அவர் காதில் விழுந்தது. அவள் போனை உயர்த்திப் படம் எடுத்தாள். ஜெயரூபன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓடினார். தொடை எரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. செக்குமாடு மாதிரி இன்னும் சுற்றினார்.

கடைசியில் பெட்டியின் முன்னால் வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"எப்ப மாஸ்டர் ஊதப் போறியள்?"

"நான் அப்பவே ஊதிட்டன்."

"எனக்குக் கேக்கேல்லையே."

"மனசிலை ஊதினனான். உங்கடை விதிதானே அண்ணை?"

"கேக்காத விசிலுக்கு ஒருத்தன் எப்பிடி மாஸ்டர் நிக்கிறது?"

"ரஸ்ஸல் நிண்டவன்."

ஜெயரூபன் குனிந்தார். சப்பாத்துக் கத்தி கீறிய கோடுகள் ஐஸ் முழுவதும் கிடந்தன. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அதைத் துடைக்கக் கை வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, மெச்சுகிறார்களா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"நான் அவனை ஏமாத்திப்போட்டு இருக்கிற ஆள் இல்லை மாஸ்டர்," என்றார். "அவனுக்குச் சொல்லத்தான் நினைச்சனான். அண்டைக்கு இரவே நினைச்சனான். ஒவ்வொரு நாளும் போனைக் கையிலை எடுத்து நினைக்கிறனான். இறுதி ஆட்டம் முடியட்டும் எண்டுதான்... சத்தியமாச் சொல்ல நினைச்சனான்."

மாஸ்டர் எழுந்தார். முழங்காலில் இருந்த பொன்னாடையை அவிழ்த்து, தூசி தட்டி, அழகாக மடித்து, ஜெயரூபனின் கையில் வைத்தார்.

"நினைச்சனீங்கள். அவனுக்குக் கேட்டதோ, அண்ணை?"