வாடை திரும்பும் நாள்

டப். டப்.

காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய துண்டையும் தாண்டி, கயித்தானுக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். விடியாத இருட்டில் கரையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

மதலேன் கருவாட்டுச் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் காற்றுப் பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். முழங்கால் தண்ணீரில் நில், இரண்டு காதிலும் ஒரே இரைச்சல் கேட்கும்வரை முகத்தைத் திருப்பு, காற்று அங்கிருந்து வருகிறது. அவ்வளவுதான் பாடம்.

"தாயே, ஒரு நாள் குறிச்சுக் குடு."

"நாள் குறிக்க நான் என்ன கோயில் சாமியாரா?"

"இன்னாசி வர்ற நாள்."

அவள் கை நின்றது. இன்னாசி அவன் மகன். ஆடியில் வள்ளத்தோடு கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. இது ஐப்பசி. அன்றிலிருந்து கயித்தான் கரைப்பக்கமே வரவில்லை.

"ரெண்டு பக்கமும் கரை அடைச்ச கடல்தானே இது. மேக்கேயிருந்து அடிக்கிற கச்சான் காத்து கொண்டுபோனதை வடக்கேயிருந்து வர்ற வாடை கொண்டாந்து போடும்." தினமும் காற்றை எழுதிவந்த, அக்குளில் இடுக்கியிருந்த நோட்டுகளைத் தட்டினான். "இருபது வருசக் காத்து இதுல இருக்கு. மூணு மாசமாக் கணக்குப் போடுறேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற நாள் வருது. முழு உடம்பு வேணாம் தாயே. புதைக்க அவன் வள்ளத்துப் பலகை ஒண்ணு போதும்."

"அவன் போன அன்னிக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

நோட்டைத் திறக்காமலே சொன்னான்.

"ஆடி பதினாலு. கச்சான். மெல்லக் காத்து. போகலாம்."

"முந்தின வருசம் அதே நாளு?"

"கச்சான். மெல்லக் காத்து. போகலாம்."

"அதுக்கு முந்தி?"

"அதேதான். எப்பவும் அதேதான்."

"அவன் போன அன்னிக்கு விடியுமுன்னே எம் பந்தல் கீத்து அத்தனையும் பறந்து கடல்ல விழுந்துச்சு, அண்ணே."

அவன் நோட்டுகளைக் கை மாற்றிக்கொண்டான்.

"எங்க நின்னு எழுதினீங்க?"

ஒரு அலை வந்து போனது. இன்னொன்று.

"நிக்கல. பாயில படுத்தபடியே எழுதினேன்."

அவள் சாக்கை மணலில் போட்டாள்.

"இன்னாசி வாசல்ல நின்னு கேட்டான் தாயே. காத்து இரையுதே, போகட்டுமாப்பான்னு."

"நீங்க?"

"பாத்துத்தான் எழுதியிருக்கேன், போடான்னேன்."

மதலேன் தண்ணீரைக் கை காட்டினாள்.

நோட்டுகளை மணலில் வைத்தான். துண்டை அவிழ்த்தான். முழங்கால் தண்ணீரில் போய் நின்றான். இடது காதில் இரைச்சல் அதிகம். இடப்பக்கம் திரும்பினான். இன்னும் கொஞ்சம். இரண்டு காதும் ஒன்றாயின.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. எதிரே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"வாடை," என்றான். "வந்துட்டுதே."

"வாடை திரும்பி மூணு நாளாச்சு, அண்ணே. ஒண்ணும் ஒதுங்கல."

அவன் கரையேறி, மணலில் கிடந்த சாக்கின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை அவள் பிடித்தாள்.

டப். டப்.