கூழ் குடித்த சக்கரம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஒரு மன்னர் இருந்தார். நல்லவர்தான். போர் என்றால் முன்னால் நிற்பார், புலவர் வந்தால் எழுந்து நிற்பார். ஆனால் ஏதாவது ஒன்று சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருடைய புத்தி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும்.

அப்படிப்பட்டவரிடம் சுயம்புநாதர் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய விபூதி, விரல் நிறைய மோதிரம், வாய் நிறைய யாருக்கும் புரியாத சுலோகம். தம்மை யந்திர வித்துவான் என்று சொல்லிக்கொண்டார். அவரைக் கூட்டிவந்தவர் பிரதானி அனந்தப்பர். பிரதானி என்றால் மன்னருக்கு அடுத்த அதிகாரம். அத்தனை அதிகாரம் இருந்தும் அவருக்கு ஒரு வயிற்றெரிச்சல் தீரவில்லை. அரசவை விகடன் கொண்டலப்பன் வாய் திறந்தால் மன்னர் சிரிக்கிறார், தாம் வாய் திறந்தால் கொட்டாவி விடுகிறார் என்பதுதான் அது.

சில வாரங்களில் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு மேடை எழும்பியது. மேடைமேல் யானை உயரத்துக்கு ஒரு மரச்சக்கரம். சக்கரத்தைச் சுற்றிக் குடங்கள். பின்னால் தரையைத் தொடும் பட்டுத்திரை.

“மன்னர் பெருமானே, மேல்தொட்டியிலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்றும். சுற்றும் சக்கரம், விழுந்த நீரையே முகந்து மேலே கொண்டுபோகும். அது மறுபடி விழும், மறுபடி சுற்றும். மிஞ்சிய நீர் வாய்க்காலில் பாயும். மாடு வேண்டாம், மனிதன் வேண்டாம், தீனி வேண்டாம். உலகம் உள்ளவரை ஓடும்” என்றார் சுயம்புநாதர்.

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். விழுந்த தண்ணீர் தன்னையே தூக்கிக்கொள்ளுமாம், அதில் மிச்சம் வேறாம். ஒரு படி அரிசி பொங்கினேன், ஊரே சாப்பிட்டது, பானையில் இன்னும் ஒன்றரைப் படி இருக்கிறது என்று எந்தப் பெண்பிள்ளையிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்கள், கரண்டியாலேயே அடி விழும். அந்த அவையிலோ அத்தனை பண்டிதர்களும் தலையாட்டினார்கள். மன்னர் தலையாட்டினார் அல்லவா, அதுதான் காரணம்.

சக்கரம் சுற்றியது. தண்ணீரும் பாய்ந்தது. மன்னர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார்.

“இன்று முதல் இந்நாட்டில் இந்த யந்திரமே நீர் இறைக்கும். இது என் வாக்கு” என்றார்.

பிரதானி இதற்காகவே காத்திருந்தவர். “அப்படியானால் அரசே, குடிகளின் கமலை மாடுகள் இனி எதற்கு? வெறுமனே வைக்கோல் தின்னும். அவற்றை அண்டை நாட்டுக்கு ஓட்டிவிட்டால், பதிலுக்கு யானைகள் தருவதாகச் சொல்கிறார்கள்.”

கமலை என்பது கிணற்றில் இறங்கும் தோல்பையை மாடுகள் இழுத்துத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடு. அந்தச் சீமையில் மழை பேருக்குத்தான் பெய்யும். கமலை ஓடினால்தான் கஞ்சி. அதெல்லாம் மன்னர் காதில் ஏறவில்லை, யானை என்ற சொல் மட்டும் ஏறியது. யானையும் சும்மா வருகிறதே.

மறுநாளே சேவகர்கள் ஊர் ஊராகப் போய்க் கமலை மாடுகளை அவிழ்த்தார்கள். கேழ்வரகு கதிர் பிடிக்கிற சமயம் அது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ச்சாவிட்டால் பயிர் பதராகிப் போகும். ஒரு ஊருக்கும் அந்த யந்திரத்தின் ஒரு குடம் தண்ணீர்கூட வரவில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாடுகளை அரண்மனை வெளியில் கட்டியிருந்தார்கள். அவற்றின் பின்னாலேயே நடந்து வந்த ஒருத்தி, வாசலில் காவலனிடம் மல்லுக்கு நின்றாள். பெயர் ஒச்சம்மா. கொண்டலப்பன் அந்த வழியாக வந்தான்.

“என்ன தாயி, என்ன சங்கதி?”

“எங்க மயிலையவும் செவலையவும் அவுத்துட்டு வந்துட்டாங்க சாமி. எங்க வீட்டுக்காரர அரமண வேலைன்னு கூட்டிட்டுப் போனாங்க, இந்தச் சக்கரம் வந்த நாள்ல இருந்து ஆளையே காணோம். வேலைன்னா ஒரு சேதி வராதா? இப்ப மாடும் போச்சுன்னா நான் எத வச்சுப் பொழைக்க?”

“உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை தெரியும்?”

“வெள்ளைக்கண்ணுன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். நாளெல்லாம் கமலை ஓட்டுவாரு, கால் சலிக்காது. கூழும் சுட்ட கருவாடும் குடுத்தாப் போதும்.”

கருவாடு என்றதும் கொண்டலப்பன் நின்றுவிட்டான். யந்திரத்துக்குள் குடியிருப்பதாக வித்துவான் சொன்ன தேவதைக்கு வேளை தவறாமல் படையல் போவதை அவன் பார்த்திருக்கிறான். திரைக்குப் பின்னால் நிறைந்த சட்டிகள் போகும், காலிச் சட்டிகள் திரும்பும்.

“நீ கமலையில் என்ன செய்வாய்?”

“வாய்க்கால்ல நின்னு மடை திருப்புவேன். அவரு அந்தக் கடைசி, நான் இந்தக் கடைசி. உருளை போடுற சத்தத்துல பேசினாக் கேக்காது. அதனால பாட்டுலதான் பேசிக்குவோம். உப்பு இல்ல, புள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் பாட்டுலயே போயிரும். அவரு ஒரு அடி எடுப்பாரு, நான் மறு அடி குடுப்பேன்.”

கொண்டலப்பன் அவளைத் தன் வீட்டில் தங்க வைத்துவிட்டு அவைக்குப் போனான். அவனுக்கு விகடம் பேசத்தான் சம்பளம். அன்று அவன் முகத்தில் விகடம் இல்லை.

“அரசே, ஓர் ஐயம். தீனி வேண்டாத யந்திரம் எதற்காக வேளைக்கு வேளை கூழ் குடிக்கிறது?”

“அது தேவதைக்குப் படைக்கும் நைவேத்தியம். சாத்திரம் அறியாத வாய் சற்று மூடியிருக்கலாம்” என்றார் அனந்தப்பர்.

“குளிக்காதவன் மூச்சுக்காற்றே ஆகாது என்று வித்துவான் சொன்ன தேவதை அல்லவா? காலிச் சட்டியில் கருவாட்டு முள் கிடக்கிறதே.”

அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மன்னரின் மீசைகூட லேசாக அசைந்தது. உடனே யானைகள் நினைவுக்கு வர, மீசை நின்றுவிட்டது.

சுயம்புநாதர் காதைப் பொத்திக்கொண்டார். “அபசாரம். யந்திரத்தை மனிதக் கை தீண்டினாலோ, திரை விலகினாலோ, என்னைக் கேள்வி கேட்டு என் தவத்தைக் கலைத்தாலோ, அந்தக் கணமே தேவதை வெளியேறிவிடுவாள்.”

பிரதானிக்கு அப்போதே மனதுக்குள் பாயசம். “அரசே, விகடன் அதை மோசடி என்கிறான். நாளைக் காலை மாடுகள் புறப்படுவதற்குள் நிரூபிக்கட்டும். தொடக் கூடாது, திரையை விலக்கக் கூடாது, வித்துவானைக் கேள்வி கேட்கக் கூடாது. தோற்றால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி எல்லையைக் கடத்த வேண்டும்.”

“சம்மதமா கொண்டலப்பா?” என்றார் மன்னர்.

“சம்மதம். இந்த மூன்றைத் தவிர வேறு தடை உண்டா அரசே?”

“இல்லை.”

காலையில் தோட்டம் நிறைந்துவிட்டது. வெளியே மாடுகள் கதறிக்கொண்டிருந்தன. சக்கரம் நிதானமாகச் சுற்றியது. கொண்டலப்பன் மேடையிலிருந்து தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் ஒச்சம்மாவை நிறுத்தினான். அவள் கையில் ஒரு மண்வெட்டி.

“இவள் யார்? அரசர் முன்னிலையில் இது என்ன கூத்து?” என்று சீறினார் பிரதானி.

“பாடப்போகிறாள். மன்னர் விதித்த தடை மூன்று. பாட்டு அதில் இல்லை.”

“அவரு எடுத்துக் குடுக்காம நான் எப்படிச் சாமி பாடுவேன்?” என்றாள் ஒச்சம்மா மெதுவாக. எடுத்துக் கொடுக்கிற அடியை, ராத்திரி அவளிடம் கேட்டு வைத்திருந்த கொண்டலப்பனே பாடினான். அவன் குரல் ஓட்டைப் பானையில் கல் விழுந்த மாதிரி இருக்கும். அவையினர் முகம் சுளித்தார்கள்.

“மேகம் கறுக்கலையே, மயிலக்காள முன்ன வா...”

ஒச்சம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மறு அடி கொடுத்தாள்.

“மேக்காத்து வீசலையே, செவலக்காள பின்ன போ...”

அப்போது நடந்ததை முதலில் கண்டவர் மன்னர்தான். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த சக்கரம், பாட்டு ஏறும் இடத்தில் விரைந்தது, பாட்டு இழுக்கும் இடத்தில் நிதானித்தது. குடங்கள் தாளத்துக்குத் தண்ணீர் கொட்டின. மன்னர் சுயம்புநாதரைத் திரும்பிப் பார்த்தார்.

“தேவதைக்கு இசையில் ஈடுபாடு உண்டு அரசே” என்றார் சுயம்புநாதர், வியர்வையைத் துடைத்தபடி.

ஒச்சம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த நடை அவளுக்குத் தெரியாததா? அவள் பாட்டை விடவில்லை. வீட்டுச் சேதியைப் பாட்டில் சொல்லுகிற வழக்கப்படியே சொன்னாள்.

“மயிலக்காள போகுதய்யா, மறுசீமை எல்லைக்கு,
செவலையும் போகுதய்யா, சேவகரு ஓட்டிப் போறார்,
கதிரு பொசுங்குதய்யா, கமலைமேடு காயுதய்யா...”

சக்கரம் தயங்கியது. ஒரு குடம் பாதி உயரத்தில் நின்று ஆடியது. பிறகு எல்லாமே நின்றுவிட்டது. மேல்தொட்டி காலியாகிச் சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

“தேவதை வெளியேறிவிட்டாள், இந்தப் பெண்ணின் கண்ணேறு” என்று சுயம்புநாதர் கத்தி முடிப்பதற்குள், மேடைக்கு அடியில் தோண்டியிருந்த பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏ புள்ள, யாரு மாட்ட யாரு ஓட்டிப் போறது?”

“நம்ம மாடுதான்யா. இந்தச் சக்கரம் இருக்கு, இனி மாடு எதுக்குன்னு ஓட்டிட்டாங்க.”

திரையை யாரும் விலக்கவில்லை. திரைதான் உள்ளிருந்து கிழிந்தது. மண் அப்பிய உடம்போடு வெள்ளைக்கண்ணு வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால், முறை போட்டு மிதிக்க அடைத்து வைத்திருந்த இன்னும் இருவர். மூவருக்கும் வெளிச்சத்தில் கண் கூசியது. பாதம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

வெள்ளைக்கண்ணு யாரையும் கும்பிடவில்லை. நேரே பிரதானியிடம் போனான்.

“சத்தம் காட்டாம மிதிச்சா மாட்டத் தொடமாட்டோம்னு சொன்னீங்களே சாமி. அப்ப என் காலாலயே என் மாட்ட ஓட்டி விட்டேனா நான்?”

பிரதானி இரண்டடி பின்னால் நகர்ந்தார். பண்டிதர்கள் எல்லாரும் அந்தச் சமயம் பார்த்து மரத்தில் எத்தனை மாங்காய் என்று ஆராயத் தொடங்கினார்கள்.

மன்னரின் முகம் சிவந்தது. வாளில் கை வைத்தார். “இரண்டு தலைகளும் இப்போதே உருளட்டும்.”

“வேண்டாம் அரசே” என்றான் கொண்டலப்பன். “தலை உருண்டால் தங்கள் வாக்கு பொய்த்துவிடும். இனி இந்நாட்டில் இந்த யந்திரமே நீர் இறைக்கும் என்றீர்கள். யந்திரமும் பழுதில்லாமல் இருக்கிறது. அதை மிதிக்கக் கால்கள்தான் வேண்டும். வித்துவானுக்கு இரண்டு, பிரதானிக்கு இரண்டு, ஆக நான்கு இருக்கின்றன.”

மன்னர் அவனையே பார்த்தார். கோபம் போகவும் மாட்டாமல், சிரிப்பு அடங்கவும் மாட்டாமல் கொஞ்ச நேரம் அவர் மீசை தவித்தது. கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

“அப்படியே ஆகட்டும். யந்திரத்தை இந்தப் பெண்ணின் கிணற்றடிக்குக் கொண்டுபோங்கள். பள்ளமும் வேண்டாம், திரையும் வேண்டாம்.” கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொண்டலப்பனிடம் நீட்டினார். “இது உனக்கு.”

கொண்டலப்பன் கையை நீட்டவில்லை. “முதலில் மாடுகள் அரசே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சும்மா எதுவும் கிடைப்பதில்லை. கிடைப்பதுபோல் தெரிந்தால், திரைக்குப் பின்னால் யாரோ ஒருவன் கால் தேய மிதித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். தாங்கள் சிரித்துவிட்டீர்கள். அவன் பாதத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.”

மன்னர் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மாடுகளை அன்றே உரியவர்களிடம் விட்டார்கள். பாதம் ஆறும் வரை மூவருக்கும் அரண்மனை வைத்தியர் கட்டுப் போட்டார். முத்துமாலையை அதற்குப் பின்தான் கொண்டலப்பன் வாங்கிக்கொண்டான். யானை ஒன்றும் வரவில்லை.

ஊரார் எல்லாரும் தத்தம் கமலையில் தண்ணீர் இறைத்தார்கள், கதிர் தப்பியது. ஒச்சம்மாவின் கிணற்றடியில் மட்டும் அந்தப் பெரிய சக்கரமும் நின்றது. அதன்மேல் அனந்தப்பரும் சுயம்புநாதரும் கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள். மோதிர விரல்கள் வழுக்கின, விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. அவர்கள் காலை முழுக்க மிதித்த தண்ணீர் ஒரு பாத்தி நனையப் போதவில்லை. பக்கத்தில் மயிலையும் செவலையும் வெள்ளைக்கண்ணுவின் பாட்டுக்கு முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தன.

ஒச்சம்மா மடையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கே பரிதாபமாகிவிட்டது.

“பாடிக்கிட்டே மிதிங்க சாமி, கால் வலி தெரியாது” என்றாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுலோகம் ஆயிரம் தெரியும். தண்ணீர் இறைக்கிற பாட்டில் ஓர் அடிகூட அவர்களுக்குத் தெரியவில்லை.