முதல் பஸ்ஸுக்கு முன்னால்

"பயம் போக மாட்டேங்கும்மா," என்றார் சிவசைலம்.

வேலம்மை சைக்கிளின் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காத்து குறைவா இருக்கு அண்ணாச்சி. அடிச்சுக்கிடுங்க."

வயதில் சிவசைலத்தைவிட இளையவர்தான் வேலம்மை. ஆனால் குரு. மலை உச்சியில் இருந்த அவருடைய சின்ன ஆசிரமத்துக்கு மன அமைதி தேடி வந்தார் சிவசைலம். கையில் கிடைத்ததோ கியர் வைத்த ஒரு மலைச் சைக்கிள்.

மழைக்காலத்தில் அந்த ஆசிரமத்துக்கென்று ஒரு வேலை உண்டு. முதல் பஸ் மலையிறங்கும் முன்னால் ஒருவர் சைக்கிளில் கீழே உள்ள பாலம் வரை போய், பாதை எப்படி இருக்கிறதென்று பார்த்துவரவேண்டும். அவர் வந்து "போகலாம்" என்று சொன்னால்தான் டிரைவர் ஜெபராஜ் வண்டியை எடுப்பார்.

மோட்டார் பைக்கில் போகக்கூடாது. அந்த இரைச்சலில் மலை பேசுவது கேட்காது. ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மேலே எங்கேயாவது சரளைக்கல் உருளும் சத்தம் சன்னமாகக் கேட்டால்கூட அன்றைக்கு வண்டி கிடையாது.

இந்த வேலை வந்ததிலிருந்து சிவசைலத்துக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு பஸ் சனத்தின் உயிர் தன் வாய்ச்சொல்லில் இருக்கிறதே என்ற நினைப்புதான். வளைவில் நின்று கேட்டுவிட்டுக் கிளம்புவார். நாலு மிதி மிதித்ததும் சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போய் மறுபடியும் நிற்பார். பாவம், பாதி நாள் அவர் கேட்டது தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தத்தைத்தான்.

"நீங்க வந்து சேருததுக்குள்ள பொழுது சாஞ்சிரும் போலிருக்கே அண்ணாச்சி," என்று ஜெபராஜ் கேலி பண்ணுவார். சிவசைலமும் சிரித்து வைப்பார். சிரிப்பு வாயோடு சரி.

"ஒரு மந்திரம் குடுங்கம்மா," என்று அன்றும் கெஞ்சினார். "பயத்தைப் போக்குத மாதிரி ஒண்ணு."

"காத்து அடிச்சாச்சா?" என்று கேட்டார் வேலம்மை.

சிவசைலத்துக்குக் கோபம்கூட வந்தது. ஊர் ஊருக்கு எத்தனையோ குரு. தனக்கென்று வாய்த்தவரைப் பார்!

சில நாள் கழித்து ஓர் இரவு முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. விடிந்தால் சிவசைலத்தின் மகள் இந்துமதிக்கு டவுனில் அரசாங்க வேலைக்கான பரீட்சை. படிப்பதற்காக அவரோடு ஆசிரமத்திலேயே தங்கியிருந்த பெண். இந்தத் தடவையை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

பாதை மூடியிருந்தால் மகளின் வாழ்க்கை போச்சு. மூடவில்லை என்று நம்பி அனுப்பி, மலை சரிந்துவிட்டால் மகளே போய்விடுவாள். புரண்டு புரண்டு படுத்தார் சிவசைலம்.

முந்தின நாள் ஆசிரமத்துக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாமத்தை உரக்கச் சொன்னால் பயம் கிட்டேயே வராதாம். குரு கொடுக்காவிட்டால் என்ன, கிடைத்த இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இருட்டு பிரியும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே திரும்பி வந்தார். உடம்பெல்லாம் சேறு. முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு.

"போகலாம்!" என்று தூரத்திலிருந்தே கூவினார். "ரோட்டுல ஒரு கல்லு கெடையாது!"

ஜெபராஜ் எஞ்சினைக் கிளப்பினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இந்துமதி ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

வேலம்மை வந்து பஸ்ஸுக்கு முன்னால் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு முகமே வேற மாதிரி இருக்கு?"

"பயம் போயிட்டும்மா! போற வழி, வார வழி பூரா முருகா முருகான்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே போனேன். ஒரு பொட்டுப் பயம் இல்ல."

"வளைவுல எல்லாம் இறங்குனீங்களா?"

"ஒண்ணு விடாம இறங்குனேன். அங்கயும் வாய் ஓயலையே!"

வேலம்மை ஜெபராஜைப் பார்த்துக் கையைக் காட்டினார். எஞ்சின் நின்றது. ஆசிரமத்துக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"முருகன்கிட்ட நீங்க சொன்னதெல்லாம் சரி. மலை என்ன சொல்லிச்சு?"

சிவசைலம் வளைவு வளைவாக நினைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் தன் குரல்தான் இருந்தது.

"அப்பா, நேரமாகுது. போகலாம்லா?" என்றாள் இந்துமதி.

அவர் பஸ்ஸின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும்மா. ஜெபராஜ், வண்டிய எடுத்துராதீங்க!"

"பரீட்சைக்கு நேரம் ஆகும்லா அண்ணாச்சி?" என்றார் ஜெபராஜ்.

"ஆகட்டும். எடுத்துராதீங்க."

குருவின் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"அப்பாடா, இனி மலை பேசுதது கேக்கும்," என்று பெருமூச்சு விட்ட வேலம்மை, சைக்கிளைப் பாதைப் பக்கம் திருப்பி அவர் கையில் கொடுத்தார்.