பிளவைத் தாண்டிய மலையணில்

மலை இரண்டாகப் பிளந்து கிடந்த இடத்தில், ஒரு நாவல் மரத்தில், செம்பி என்ற மலையணில் குடியிருந்தது. கருஞ்சிவப்பு முதுகு. உடம்பைவிட நீளமான வால். பிளவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய அத்திமரம் நின்றது. இரண்டு மரங்களுக்கும் நடுவே வெறும் காற்றுதான். எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் ஆழத்தில், ஆறு பாறைகளில் மோதி நுரைத்து ஓடியது.

பறவைகளைத் தவிர எந்த உயிரும் அந்தப் பிளவைத் தாண்டியதில்லை. அக்கரைக்குப் போக வேண்டுமானால் மலையைச் சுற்றித் தரை வழியாக நடக்க வேண்டும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஒரு நாள் காலையில் செம்பி சொன்னது: "நான் அந்த அத்திமரத்துக்குத் தாவப் போறேன்!"

மேல்கிளையில் இருந்த இருவாச்சிப் பறவை அலகில் வைத்திருந்த பழத்தைத் தவறவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? அங்கேயும் இதே இலைதான், இதே பழம்தான். நான் தினமும் பார்க்கிறேனே!"

"நீ பறந்து போய்ப் பார்த்தே. இதுவரைக்கும் யாரும் தாவிப் போய்ப் பார்த்ததில்லையே!"

இதைக் கேட்டுக் கரியன் என்ற கருமந்தி துள்ளி எழுந்தது. அந்தக் காட்டில் மரத்துக்கு மரம் தாவுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. "அப்படியா? அப்போ நானும் தாவுறேன்! யார் முதல்லன்னு பார்த்துடுவோம்!"

அன்றைக்கே கரியன் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தாவியது. சாப்பிடக்கூட நிற்கவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. உரிந்த கையை எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டது.

செம்பி வேறு மாதிரி. காலையில் மட்டும் தாவியது. முதலில் சின்ன இடைவெளி. அது சரியாக வந்த பிறகு, அதைவிடக் கொஞ்சம் பெரிய இடைவெளி. எப்படித் தாவுவது என்பதைவிட எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் அதிகம் பழகியது. ஆடுகிற கிளை, வழுக்குகிற கிளை, கையளவுகூட இல்லாத மெல்லிய கொப்பு என்று எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்தது. வேண்டுமென்றே கை நழுவி, கீழ்க்கிளையில் வந்து விழுந்தும் பழகியது!

"விழறதுக்கும் பயிற்சியா!" என்று இருவாச்சி வாயைப் பிளந்தது.

வெயில் ஏறியதும் செம்பி வயிறாரத் தின்னும். பிறகு ஒரு தடித்த கிளையில் நாலு காலையும் தொங்கவிட்டு, அசையாமல் படுத்துவிடும்.

கரியனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லாத் தூங்கு! தூங்கியே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துடுவே!"

செம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "காலையில உடம்புக்குச் சொல்லிக் குடுத்தேன். இப்போ அது மனப்பாடம் பண்ணுது. தொந்தரவு பண்ணாதே!"

சாயங்காலம் ஆனால் செம்பி நாவல் மரத்தின் நுனிக் கொப்புக்குப் போய் உட்காரும். அங்கிருந்து அத்திமரத்து இலைகளையே பார்த்துக்கொண்டிருக்கும். பிளவுக்குள் காற்று எப்போது சீறுகிறது, எப்போது அடங்குகிறது என்று கவனிக்கும்.

ஒரு நாள் உளுத்த கிளை ஒன்று முறிந்து, செம்பியின் பின்னங்கால் சுளுக்கிக்கொண்டது. செம்பி பொந்துக்குள் போய்ப் படுத்தது. மறுபடி வெளியே வந்தபோதும் தாவவில்லை. கிளைமேல் மெல்ல நடந்தது, அவ்வளவுதான்.

"இன்னும் வலிக்குதா?" என்று இருவாச்சி கேட்டது.

"வலி போயிடுச்சு. பலம் இன்னும் வரல."

"ஒண்ணு கேட்கட்டுமா? உனக்குப் பயமே இல்லையா?"

"இல்லாம என்ன? கீழே பார்க்கவே பயமா இருக்கு. ஆனா அந்தப் பயம்தான் ‘கிளையைச் சரியாப் பாரு, காற்றைச் சரியாக் கேளு’ன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. அதையும் கூடவே கூட்டிக்கிட்டுத்தான் தாவுவேன்!"

இருவாச்சி அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

கால் தேறி, மறுபடி பயிற்சி செய்து, கடைசியில் ஒரு காலையில் செம்பி சொன்னது: "இன்னைக்குத் தாவலாம்!"

காடே திரண்டு வந்தது. மிளா மான்கள் பாறையோரம் நின்றன. கிளைகளெல்லாம் பறவைகள். கரியனின் கூட்டம் மொத்தமும் வந்து உட்கார்ந்தது. செம்பி நுனிக் கொப்புவரை போனது. அத்திமரத்தைப் பார்த்தது. வாலை மெல்ல அசைத்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

செம்பி திரும்பி நடந்து வந்துவிட்டது!

"காற்று சரியில்ல. பொறுத்துப் பார்க்கலாம்."

"ஓ!" என்று கூட்டம் கத்தியது. "பயந்தாங்கொள்ளி!"

"நகரு! நான் காட்டுறேன்!" என்று கரியன் பாய்ந்து வந்தது. அதன் தோள்கள் வீங்கியிருந்தன. கைகள் நடுங்கின.

"வேண்டாம் கரியா! உன் கை களைச்சுப் போயிருக்கு!" என்று செம்பி தடுத்தது.

கரியன் கேட்கவில்லை. ஓடி வந்து ஒரே பாய்ச்சல்! பாதிக்கு மேல் பறந்துவிட்டது. அப்போது பிளவுக்குள்ளிருந்து காற்று சீறி எழுந்து அதைப் பக்கவாட்டில் தள்ளியது. கரியன் அத்திமரத்தைத் தொடவில்லை. அக்கரைப் பாறையில் மோதிச் சரிந்தது. நல்லவேளையாகப் பாறை வெடிப்பில் முளைத்திருந்த ஒரு செடி கைக்குக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கீழே ஆறு உறுமியது.

"காப்பாத்துங்க! வேர் பிடுங்கிக்கிட்டு வருது!"

பாறையோரத்திலிருந்து ஒரு தடித்த காட்டுக்கொடி ஏறி, நுனியால் மட்டும் அத்திமரத்தைப் பற்றியிருந்தது. அதன் வேர் பாறைக்கு மேலே மண்ணில் உறுதியாக இருந்தது. மரத்தின்மேல் ஓடும் நுனியை அறுத்துவிட்டால், கொடி சரிந்து கரியனுக்கு எட்டும். இருவாச்சி பறந்து போய்க் கொத்திப் பார்த்தது. கொடி அசையவே இல்லை.

"என் அலகு பழம் பறிக்கத்தான் ஆகும்! இதை அறுக்கப் பல்லு வேணும்!"

எல்லோரும் செம்பியைப் பார்த்தார்கள்.

செம்பி மறுபடி நுனிக் கொப்புக்குப் போனது.

"குதி! குதி!" என்று காடே அலறியது. "செம்பி, சீக்கிரம்!" என்று கரியன் கதறியது.

செம்பி குதிக்கவில்லை. அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனாலும் கண்கள் அத்திமரத்து இலைகளை விட்டு நகரவில்லை. இலைகள் ஆடின. இன்னும் ஆடின. கூச்சல் செம்பியின் காதில் விழவேயில்லை. காற்று மட்டும் கேட்டது.

இலைகள் நின்றன.

செம்பி தாவியது!

நாலு காலும் விரிந்தன. வால் பின்னால் நெருப்புப் போல நீண்டது. வெயில் பட்டு அதன் முதுகு மின்னியது. அடியில்லாத அந்த ஆழத்துக்கு மேலே, சிறகு இல்லாத ஒரு சின்ன உயிர் மிதந்து போனது. கத்திக்கொண்டிருந்த காடு அப்படியே அடங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பறந்தே பழகிய இருவாச்சி, பறப்பதை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

செம்பியின் கை கொப்பைத் தொட்டது. நழுவியது! கூட்டம் "ஐயோ!" என்றது. செம்பி பதறவில்லை. அடுத்த கிளையில் விழுந்து, கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த நொடியே கொடியில் பல்லை வைத்தது. கறுக், கறுக், கறுக்! நுனி அறுந்தது. கொடி சரசரவென்று சரிந்து பாறையில் தொங்கியது. கரியன் ஒரு கையால் அதை எட்டிப் பிடித்த சமயத்தில், செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு ஆற்றில் விழுந்தது.

கரியன் மெல்ல மெல்ல மேலேறி, புல்லில் குப்புற விழுந்தது. நாவல் மரத்துப் பக்கம் ஆரவாரத்தில் அதிர்ந்தது.

"இன்னொரு தடவை! திரும்பித் தாவிக் காட்டு!" என்று கூட்டம் கூவியது.

"இன்னைக்கு முடியாது! காலெல்லாம் நடுங்குது. நான் நடந்தே வர்றேன்!" என்று செம்பி பதில் கூவியது.

மரத்தை விட்டு இறங்காத மலையணில், அன்றைக்குத் தரையில் நடந்தது. உரிந்த கைகளோடு கரியனும் பக்கத்தில் நடந்தது. வெகு தூரம் போனபின் அது கேட்டது: "நான் அப்படிக் கத்தினேனே. நீ ஏன் உடனே குதிக்கல?"

"குதிச்சிருந்தா ரெண்டு பேருமே ஆத்தோட போயிருப்போம், கரியா."

கரியன் தலை குனிந்தது. "நாளையிலிருந்து உன்கூட நானும் பழகட்டுமா?"

"நாளைக்கு வேண்டாம். முதல்ல உன் கை ஆறட்டும்!"

உடம்பை உழைக்கவும் ஓயவும் பழக்கி, பயத்தை மறைக்காமல், சரியான நேரம் வரும்வரை பொறுத்திருப்பவருக்கே அரிய செயல் கைகூடும்.