முட்டைக்கு முன்னே மண் உருண்டை

குருவி பேசினால் பாம்புக்குப் புரியும், பாம்பு பேசினால் குருவிக்குப் புரியும் என்றிருந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிக்கு அந்தப் பேரே கிடையாது. வெறும் மஞ்சக்குருவிதான். மற்றக் குருவிகளைப் போல அதுவும் கிளைக் கவட்டில் சட்டி மாதிரி ஒரு கூட்டைக் கட்டி, வானம் பார்க்கத் திறந்து போட்டிருக்கும்.

ஒரு கிணற்று மேட்டுக் கருவேல மரத்தில் நாரன் என்ற மஞ்சக்குருவியும் அவன் பெண்டாட்டி மருதாயியும் குடியிருந்தார்கள். மரத்தடிப் புதரில் கொம்பேறிமூக்கன் பாம்பு ஒருவன் இருந்தான். மருதாயி இரண்டு ஈடு முட்டையிட்டாள். இரண்டையும் அவள் இரை தேடப் போன நேரம் பார்த்து அந்தப் பாம்பு ஏறி வந்து விழுங்கிவிட்டான். இப்போது மறுபடியும் அவளுக்கு வயிறு கனக்க ஆரம்பித்திருந்தது.

"இந்தத் தடவையும் அவனுக்குச் சோறு போட என்னால ஆகாதுங்க" என்றாள். "ஏதாவது வழி பண்ணுங்க. இல்லைன்னா நான் எங்கேதான் போய் முட்டையிடறது?"

நாரன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்குப் பக்கத்து வயலில் களையெடுக்க வந்த ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். பழம்புடவையைப் புங்கமரக் கிளையில் கட்டித் தூளியாக்கி, பிள்ளையைப் போட்டு ஆட்டிவிட்டு வேலைக்குப் போனாள். எறும்பு ஏறவில்லை, நாய் அண்டவில்லை. பிள்ளை பாட்டுக்குத் தூங்கியது.

நாரன் துள்ளிக் குதித்தான். "மருதாயி! கூட்டையும் இப்படித் தொங்கவிட்டா என்ன? கிணத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கே, அந்தக் கிளையோட நுனியில. வாசலைக் கீழ்ப்பக்கமா வெச்சுடலாம். கொம்பேறி எப்படி வருவான்?"

மேல் பொந்தில் இருந்த மைனா அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாசல் கீழேயா? அடியே மருதாயி, உன் புருஷனுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு. நம்ம பாட்டன் பூட்டன் யாராவது தொங்குற வீட்டில குடியிருந்திருக்காங்களா?"

"யாரும் இருந்ததில்லைன்னா, யாராவது முதல்ல இருந்து பார்க்கணும்ல அத்தை?" என்றான் நாரன்.

"பாரு, பாரு. முட்டையெல்லாம் கிணத்துல மிதக்கும்போது நல்லாப் பாரு."

நாரன் காதில் வாங்கவில்லை. கரும்புத் தோகையை நீள நீளமாகக் கிழித்து வந்தான். முடிச்சுப் போட்டான், கோத்தான், பின்னினான். அலகு தேய ஒரே மூச்சில் வேலை செய்து, வாசல் வரைக்கும் முழுசாக முடித்த பிறகுதான் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். சுரைக்குடுக்கை மாதிரி பச்சைப்பசேலென்று தொங்கியது கூடு.

"வா புள்ள, உள்ளே போய் முட்டையிடு."

மருதாயி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஆனால் உள்ளே போகவில்லை.

"ஏன், பிடிக்கலையா?"

"அழகா இருக்குங்க. உங்க யோசனையும் நல்ல யோசனைதான். ஆனா அதைப் பரீட்சை பார்க்க என் முட்டைதானா கிடைச்சுது?"

நாரனுக்கு முகம் சுண்டிவிட்டது. "அந்தப் பொம்பளை பிள்ளையைத் தூளியில போடலையா?"

"போட்டா. அதுக்கு முன்னாடி என்ன செஞ்சான்னு நீங்க பார்க்கலை, நான் பார்த்தேன். முடிச்சை இழுத்துப் பார்த்தா. கஞ்சிக் கலயத்தைத் தூளிக்குள்ள வெச்சு ஆட்டிப் பார்த்தா. அது விழலைன்னு தெரிஞ்ச பிறகுதான் பிள்ளையைத் தூக்கினா."

சொல்லிவிட்டு வாய்க்காலுக்குப் பறந்தாள். களிமண்ணை முட்டை மாதிரி உருட்டி, வெயிலில் காயவைத்துக் கூட்டுக்குள் கொண்டு வைத்தாள். கடைசி உருண்டை காய்வதற்குள் காற்று கிளம்பிவிட்டது. அதை ஈரத்தோடு அப்படியே உள்சுவரில் அப்பினாள்.

ஆடி மாதத்துக் காற்று. பேய் பிடித்த மாதிரி கூடு சுழன்றது. தொப். தொப். ஒவ்வொரு உருண்டையாகக் கிணற்றில் விழுந்தது.

மைனா அத்தை பொந்திலிருந்து தலையை நீட்டினாள். நாரன் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அத்தனையும் போச்சு" என்றான் நாரன்.

"போனது மண்ணுதானே? முட்டை என் வயித்துல பத்திரமா இருக்கு. எழுந்து வாங்க, உள்ளே ஒண்ணைக் காட்டறேன்."

ஈரத்தோடு அப்பிய உருண்டை சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் கனம் இருந்ததால் கூடும் இப்போது அவ்வளவாகச் சுழலவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூடு பஞ்சு மாதிரி இருக்கு, அதான் ஆடுது" என்றான் நாரன். "ஈர மண்ணை அப்பினா நிக்கும்!"

"முட்டை உருளாம நடுவுல ஒரு வரப்பும் வேணும். அதுக்கு இதைப் பிரிச்சுத்தான் ஆகணும். முழுசா முடிச்சுட்டுக் கூப்பிட்டீங்க பாருங்க, இப்போ முழுசும் வீணாப்போச்சு. இனிமே பாதி கட்டினதும் கூப்பிடுங்க. கோளாறு இருந்தா பாதி உழைப்போட போகும்."

நாரன் மறுபடி தொடங்கினான். பாதி கட்டி, நடுவில் ஊஞ்சல் கட்டை மாதிரி ஒரு குறுக்குக் கட்டுப் போட்டு நிறுத்தினான். மருதாயி அதில் உட்கார்ந்தாள், குதித்தாள், பின்னிய தோகையை அலகால் இழுத்தாள். ஈர மண்ணை உள்ளே அப்பி, புதிதாக உருட்டிக் காயவைத்த உருண்டைகளை வரப்புக்கு அந்தப் பக்கம் வைத்தாள். காற்று வந்தது. கூடு ஆடியது. ஒரு உருண்டைகூட விழவில்லை.

"இப்போ மீதியைக் கட்டுங்க" என்றாள். "சீக்கிரம். எனக்கு நேரம் ஆயிடுச்சு."

அவன் வாசலைப் பின்னி முடிக்கவும் அவள் முட்டையிடவும் சரியாக இருந்தது.

கொம்பேறி சும்மா இருப்பானா? மறுநாள் காலையிலேயே மரமேறினான். கிளை மெலிய மெலியத் தன் உடம்பையும் ஒடுக்கிக்கொண்டு, கூட்டின் தலைக்கு வந்துவிட்டான். வழவழவென்ற தோகையில் பிடி கிடைக்கவில்லை. மேலே வாசலும் இல்லை.

"ஏய் நாரா, வாசலை எங்கேடா வெச்சிருக்கே?"

"இங்கேதான் அண்ணே எங்கேயோ இருக்கு. தேடிப் பாருங்க" என்றான் நாரன்.

பாம்பு கீழே எட்டிப் பார்க்க உடம்பை நீட்டினான். கிளை நுனி வளைந்தது. காற்று ஒரு உலுக்கு உலுக்கியது. அவ்வளவுதான், கிணற்றுத் தண்ணீரில் தொபீரென்று சத்தம் கேட்டது. நனைந்துபோய்ப் படியேறி வந்த கொம்பேறி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வேறு புதர் தேடிப் போய்விட்டான்.

நாரன் கூட்டுக்குள் தலையை நுழைத்தான். "இருக்கா?"

"இருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாம் இருக்கு. முதல்ல மூச்சை விடுங்க."

அப்புறம்தான் மருதாயியும் மூச்சை விட்டாள். மைனா அத்தை மெதுவாக வந்து, "அந்த மண்ணு வண்டல் மண்ணா, களிமண்ணாடி?" என்று கேட்டாள்.

மஞ்சக்குருவி தூக்கணாங்குருவி ஆனது அன்றைக்குத்தான். அந்த நாளிலிருந்து ஆண் குருவி பாதிக் கூட்டோடு வேலையை நிறுத்திவிட்டு, சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடுகிறது. அவள் உட்கார்ந்து, இழுத்து, ஆட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மீதியைக் கட்டுகிறது. கூட்டுக்குள் கைவிட்டால் காய்ந்த மண்ணும் தட்டுப்படும். அதனால், கிணற்றோரம் பாதியில் நிற்கும் கூட்டைப் பார்த்தால் சோம்பேறிக் குருவி என்று ஏசிவிடாதீர்கள். வீட்டுக்காரி இன்னும் வந்து ஆட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.