அணைகயிறு

"பயமா இருக்குதுங்க சாமி" என்றாள் பூங்கொடி.

"எதைக் கண்டு?"

"என்னைக் கண்டுதானுங்க."

சாமி சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சாமி என்றதும் காவி, தாடி, பீடம் என்று எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். மலையடிவாரத்தில் நாலு கறவை மாட்டை வைத்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு திரிகிற ஆள். ஊர்க்காரர்கள் குறை சொல்லப் போவார்கள். அவர் கையில் ஒரு வேலையைத் திணிப்பார். பாதிப்பேர் அந்த வேலைக்குப் பயந்தே குறையை மறந்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

பூங்கொடி ஓடுகிற ஆளில்லை.

"எங்கக்கா செத்துப்போச்சுங்க. அவ மக கனிஷ்காவுக்கு அப்பனும் இல்லை. வர்ற வெள்ளிக்கிழமை எங்க ஊட்டுக்கு வந்துரும். இனி நாந்தான் வளக்கோணும்."

"வளத்து."

"அந்தப் புள்ளையப் பாத்தா எனக்கு ஒண்ணுமே வரமாட்டீங்குதுங்க. எம்பட பையன் பரணி இருமுனா நெஞ்சு பதறுது. அது அழுதா, எப்ப நிறுத்துமோன்னு இருக்குது. ஒரு நா இல்லாட்டி ஒரு நா, அவனுக்கு முட்டையும் அதுக்கு வெறும் சாறும் வச்சுருவனோன்னு பயம். கை நீட்டிருவனோன்னு அதைவிடப் பயம். கண்ணை மூடுனா அக்கா வந்து நிக்குது. பாசத்தை எப்படிங்க வர வைக்கிறது?"

சாமி கையைக் கழுவினார். கட்டுத்தறியின் மூலையைக் காட்டினார்.

அங்கே ஒரு கன்றுக்குட்டி சுருண்டு கிடந்தது. விலாவெல்லாம் எலும்பு. வாலில் பேதி காய்ந்து ஒட்டியிருந்தது.

"தாய் போயிருச்சு. புட்டிப்பால் இதுக்கு ஒத்துக்கலை. அந்தச் செவலை மாடு இப்பத்தான் கன்னு போட்டிருக்குது. ரெண்டு கன்னுக்குப் பால் இருக்குது. அதுகிட்டக் குடிக்க வை. இல்லீன்னா இது பொழைக்காது."

"நானுங்களா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா பயந்துக்கிட்டுத்தான இருக்கப்போற? இங்க வந்து பயந்துக்க."

பூங்கொடி கன்றைத் தள்ளிக்கொண்டு போனாள்.

செவலை மூக்கை நீட்டியது. கன்றின் வாலடியை மோந்தது. அவ்வளவுதான். கொம்பால் ஒரு தூக்கு. கன்று தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் போய் விழுந்தது.

"ஐயோ சாமி! கொன்னுபோடும்!"

"கொல்லும்" என்றார் சாமி. "அதோட கன்னு இல்லையே."

பூங்கொடி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கொம்பை அவளுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

சாமி ஒரு கயிற்றைத் தூக்கிப் போட்டார். அணைகயிறு. பால் கறக்கும்போது மாடு உதைக்காமல் இருக்கப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்களே, அது.

"கட்டுனா பாசம் வந்துருங்களா?"

"பாசம் வராது. உதை விழாது."

கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. செவலையின் தலையையும் முளையோடு ஒட்டிக் கட்டினாள். சாமி சொன்னபடி, செவலையின் சொந்தக் கன்றை முதலில் விட்டாள். பால் இறங்கியது. அப்புறம் அனாதைக் கன்றைப் பின்னால் கொண்டுபோய்த் தொடை நடுவே தலையை நுழைத்துவிட்டாள்.

செவலை புஸ்ஸென்று சீறியது. திரும்ப முயன்றது. உதைக்கக் கால் வரவில்லை.

"குடிச்சுதா?" என்றார் சாமி.

"குடிச்சுதுங்க. ஆனா அது பாக்கற பார்வையப் பாருங்க. கயிறு அவுந்தா குத்திக் கிழிச்சுரும்."

"கயிறு அவுந்துச்சா?"

"இல்லைங்க."

"சாயங்காலமும் வா."

வந்தாள். மறுநாளும் வந்தாள். காலையும் மாலையும் அதே கயிறு, அதே சீறல். குடித்து முடித்த கன்றைச் செவலை மோந்துபார்க்கும். மோந்ததும் கொம்பை ஆட்டும். பூங்கொடிக்கு உயிர் போய் உயிர் வரும்.

"இன்னமும் ஆகவே மாட்டீங்குதுங்க சாமி."

"குடிச்சுதா?"

"குடிச்சுதுங்க."

சாமி சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

பூங்கொடி கட்டுத்தறிக்குள் நுழைந்தாள். அனாதைக் கன்றை அடைத்திருந்த படல் சாய்ந்து கிடந்தது. கன்று அங்கே இல்லை.

செவலையின் காலடியில் நின்றிருந்தது.

அணைகயிறு ஆணியில் தொங்கியது. மாட்டின் தலைக்கயிறு நீளமாகத் தளர்ந்து கிடந்தது.

செவலை தலையைக் குனித்தது. கொம்பு கன்றின் வயிற்றை ஒட்டி நின்றது. வாலடியை மோந்தது. விடாமல் மோந்தது.

பூங்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சரக். சரக்.

கண்ணைத் திறந்தாள். செவலை கன்றை நக்கிக்கொண்டிருந்தது. நக்கிக்கொண்டே, கன்று மடிக்கு வரத் தோதாகப் பின்னங்காலை ஒதுக்கி வைத்தது.

"சாமி!" என்று அலறினாள். "நேத்து சாயங்காலம்கூட முறைச்சுதுங்களே! எப்படிங்க?"

சாமி வந்து கன்றின் வாலைத் தூக்கிப் பிடித்தார்.

"மோந்து பாரு."

முகத்தைச் சுளித்துக்கொண்டே குனிந்தாள்.

"பால் வாசம் அடிக்குதுங்க."

"யாரு பாலு?"

பூங்கொடி செவலையைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா சீறிக்கிட்டே குடுத்த பாலு" என்றார் சாமி. "உள்ள போனது வெளிய மணக்குது. அதோட வாசம் அதுக்குத் தெரியாதா?"

பூங்கொடி கன்றின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"உங்க புள்ளை எப்ப வருது?"

"மத்தியானமுங்க."

"போய் உலை வை."

படல்வரை போனாள். பயம் போயிருக்கவில்லை. சட்டென்று திரும்பி வந்து ஆணியிலிருந்த அணைகயிற்றை எடுத்தாள்.

"இதை நான் கொண்டுபோகட்டுங்களா சாமி?"

"உங்க ஊட்டுல ஏது மாடு?"

"மாடு இல்லைங்க." கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் இருக்கறனே."