தேர்க்கட்டைக்காரர் சாப்பிட்ட மூன்று பந்தி

மழை தவறாமல் பெய்து, பசியும் தவறாமல் எடுத்த காலம் அது. மேழியூர் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரு ராஜாவும் இருந்தார். அவர் இந்தக் கதையில் வரமாட்டார், அவருக்குச் சாப்பிடவே நேரம் போதவில்லை. சின்னப் பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் மட்டும் கொஞ்சம் முன்னால் வாருங்கள். கதை உங்களுக்குத்தான்.

மேழியூரில் பெரிய தேர் ஒன்று உண்டு. ஊரே வடம் பிடித்து இழுக்கும். இழுப்பதற்கு ஊர் போதும், நிறுத்துவதற்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். முன்சக்கரத்தோடு கூடவே நடந்து, சமயம் பார்த்துக் குனிந்து, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டுத் துள்ளி விலக வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் தேர் அவன் பேச்சைக் கேட்காது.

அந்த வேலை மாசிலாமணி என்ற தச்சருடையது. இருபத்தைந்து வயதில் கட்டையைக் கையில் எடுத்தார். இப்போது நாற்பத்தைந்து.

தேருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிழக்குத் தெரு, தெற்குத் தெரு, மேற்குத் தெரு என்று மூன்று தெருவிலும் தேர் சற்று நேரம் நிற்கும். மூன்று தெருக்காரர்களும் கட்டைக்காரருக்கு இலை போடுவார்கள். இலையில் வைத்ததை எல்லாம் அவர் சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தால் அந்தத் தெருவுக்கே அவமானம். நல்ல மனசோடு வந்த வழக்கம்தான். நல்ல மனசுக்கு அளவு தெரியாது, அதுதான் தொல்லை.

மூன்று தெருவும் தாண்டினால் வடக்கு முனை. அங்கே பாதை சரிந்து நேரே குளத்துக்கு இறங்கும். குளத்தின் படித்துறையில்தான் பெண்களும் பிள்ளைகளும் தேர் பார்க்க நிற்பார்கள். மூன்று பந்தியும் சாப்பிட்ட வயிற்றோடு மாசிலாமணி அந்தச் சரிவில் குனிய வேண்டும்.

இருபத்தைந்தில் குனிந்தார். முப்பத்தைந்தில் குனிந்தார். நாற்பத்து நான்கில் வயிறு குறுக்கே வந்து நின்றது. கட்டை ஒரு நொடி பிந்தியது. தேர் படித்துறையின் விளக்குத் தூணைச் சாய்த்துவிட்டு நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. "கட்டை சரியில்லை, ஈர மரம்" என்று மாசிலாமணி ஊருக்குச் சொன்னார். ஊரும் நம்பியது.

அவர் மனைவி தெய்வானை நம்பவில்லை.

"கட்டை சரியாத்தான் இருந்துச்சு. குனிஞ்ச ஆளுதான் சரியில்லை" என்றாள், மறு வருடம் தேருக்கு முதல் நாள்.

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. "சரி, நாளைக்குப் பச்சத் தண்ணிகூடத் தொடமாட்டேன். போதுமா?"

"நல்லா இருக்கே! பட்டினி கிடந்தா கை நடுங்காதா? மூணு தெருவும் சண்டைக்கு வராதா? ஊரே கொண்டாடுற நாள்ல நீங்க மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கணுமா? சாப்பிடுங்க. ஆனா, நெசமாவே சாப்பிடுங்க."

"இருபது வருஷமா வேற என்ன பண்றேன்?"

"அப்படியா? கிழக்குத் தெரு பொன்னுருவியக்கா அதிரசத்துல என்ன போடுறாங்க, சுக்கா, ஏலமா?"

மாசிலாமணி யோசித்தார். தலையைச் சொறிந்தார். மறுபடியும் யோசித்தார். இருபது வருடமாக அந்த அதிரசத்தைத் தின்கிறார், ஒன்றும் நினைவில்லை. வாயில் போட்டது தெரியும், வயிற்றில் விழுந்தது தெரியும். நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. சிரிக்காதீர்கள், போன பண்டிகைக்கு நீங்கள் தின்றதை இப்போது சொல்லுங்கள் பார்க்கலாம்.

மறுநாள் தேர் புறப்பட்டது. கிழக்குத் தெருவில் இலை போட்டார்கள். மாசிலாமணி உட்கார்ந்து கை கூப்பினார்.

"எல்லாத்தையும் வைக்காதீங்க. எதைப் பண்ணினா பக்கத்துத் தெரு உங்களைப் பார்த்துப் பொறாமைப்படும்? அதுல ஒண்ணே ஒண்ணு வைங்க."

தெரு முணுமுணுத்தது. பொன்னுருவி ஓர் அதிரசத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பிட்டார், மென்றார், கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மென்றார்.

"சுக்கு போட்டிருக்கீங்கக்கா. எள்ளை வறுத்துப் போட்டிருக்கீங்க. பாகு இளசா இருக்கும்போதே இறக்கிட்டீங்க. சரிதானே?"

பொன்னுருவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா சுட்டுப் போடுறேன்பா. இன்னைக்குத்தான் ஒருத்தர் வாயத் தொறந்து சொல்றாங்க" என்றாள். முணுமுணுத்தவர்களே நெஞ்சை நிமிர்த்தினார்கள். அவமானமா? அந்தத் தெருவுக்கு அப்படி ஒரு பெருமை அதுவரை கிடைத்ததே இல்லை.

தேரைவிடச் செய்தி வேகமாகப் போனது. தெற்குத் தெருவில் தேர் நின்றபோது, தங்கள் தெருவின் பேர் சொல்லும் பண்டம் எது என்று ஊர்ச்சண்டையே நடந்துகொண்டிருந்தது. புளியோதரை என்றார்கள் சிலர், உளுந்து வடை என்றார்கள் சிலர். மாசிலாமணி ஒரு பிடி புளியோதரையை நிதானமாகச் சாப்பிட்டு, வறுத்த வெந்தயத்தைப் புகழ்ந்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்து போனதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

மூன்றாவது, மேற்குத் தெரு. அங்கேதான் வந்தது சோதனை.

மேற்குத் தெருவின் பெரிய மனிதர் சிற்றம்பலம், நெய் வியாபாரி. மாசிலாமணியின் வயதுதான், வயிறு மட்டும் பத்து வயது மூத்தது. இலை கொள்ளாமல் பலகாரம் அடுக்கி வைத்துவிட்டு, வடத்தின் மேல் காலை வைத்து நின்றார்.

"கிழக்குல ஒண்ணு, தெற்குல ஒரு பிடி. அதெல்லாம் அவங்க பாடு. என் தெருவுல இலை காலியாகணும். இல்லேன்னா வடத்தை விடமாட்டேன்!"

மேளம் நின்றது. இலையிலிருந்து நெய் வாசம் எழுந்து மூக்கைத் துளைத்தது. மாசிலாமணிக்கு நாக்கில் நீர் ஊறியது, பொய் சொல்வானேன். ஆனால் போன வருடத்து விளக்குத் தூணும் கண்முன் வந்தது. அவர் பதறவில்லை.

"ஐயா சாப்பிட்டாச்சா?"

"காலையிலேருந்து மூணு பந்தி!" என்று சிற்றம்பலம் வயிற்றைத் தட்டினார்.

"அப்ப இந்தக் கட்டையப் பிடிங்க. தேர் நின்னுட்டுதான் இருக்கு. சும்மா ஒரு தடவை சக்கரத்துக்கு அடியில வெச்சுக் காட்டுங்க. அப்புறம் நீங்க சொல்றபடி கேக்குறேன்."

இவ்வளவுதானா என்று சிற்றம்பலம் கட்டையை வாங்கினார். குனிந்தார். வயிறு முட்டியது. பக்கவாட்டில் திரும்பிக் குனிந்தார். மூச்சு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது, கட்டை கைநழுவிக் காலில் விழுந்தது. தெருவே சிரித்தது.

மாசிலாமணி சிரிக்கவில்லை. கட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார்: "கீழே படித்துறையில உங்க மகளும் பேரனும் நிக்கிறாங்க. என் மகளும் நிக்கிறா. இந்த இலையச் சாப்பிட்டா நானும் இப்படித்தான் குனிவேன். சாப்பிடவா? நீங்களே சொல்லுங்க ஐயா."

சிற்றம்பலத்தின் முகம் வெளுத்தது. வடத்திலிருந்து காலை எடுத்தார். பிறகு தாமே உள்ளே போய், சின்னக் கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தார்.

"இதையாவது சாப்பிடுய்யா. எங்க வீட்டுல பண்ணினது."

மாசிலாமணி ஒவ்வொரு வாயாக ரசித்துக் குடித்தார். "பச்சைக் கற்பூரம் ஒரு துளி. அடடா!" என்றார்.

தேர் வடக்கு முனையில் திரும்பியது. சரிவு தொடங்கிய இடத்தில் வடம் பிடித்த இருவர் வழுக்கி விழ, வடம் தொய்ந்தது. தேர் தானாக உருண்டது. ஊர் அலறியது. மாசிலாமணி ஓடினார், குனிந்தார், செருகினார். துள்ளி விலகினார். மரம் நொறுங்கும் சத்தத்தோடு தேர் குலுங்கி நின்றது. முதல் படியில் நின்ற சிற்றம்பலத்தின் பேரன் கை நீட்டினால் சக்கரத்தைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம்.

சிற்றம்பலம் மூச்சிரைக்க ஓடிவந்து பேரனை அள்ளிக்கொண்டு அழுதார். எல்லார் முன்னாலும் மாசிலாமணிக்குக் கை கூப்பினார்.

அன்று மாலை மூன்று தெருவும் சேர்ந்து குளக்கரையில் பந்தி போட்டது. மாசிலாமணியும் தெய்வானையும் பசித்த அளவுக்கு, பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். பக்கத்து இலையில் சிற்றம்பலம். அவர் கையில் அதிரசத்தில் பாதி இருந்தது. வெகுநேரம் மென்றுவிட்டு, "ஏம்ப்பா, இதுல சுக்கு இருக்கு போலிருக்கே?" என்றார்.

"இருக்குங்க ஐயா" என்றாள் தெய்வானை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அடுத்த வருடத்திலிருந்து மேழியூரில் இலை போட்டால், எதை வைக்கட்டும், எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்டுத்தான் பரிமாறினார்கள்.

கேட்டீர்களா, நாற்பதைத் தாண்டியவர்களே? பண்டிகைப் பலகாரத்தைக் கொஞ்சமாக எடுத்து முழுதாக ருசிப்பவருக்கே விருந்தும் நிலைக்கும், உடம்பும் நிலைக்கும்.